தில்லியில் படிக்க வரும் மாற்றுத்திறனாளி மாணவர்கள் வெளியே அறை தேடும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்து தில்லிப் பல்கலைக்கழகம், ஜேஎன்யு, ஜாமியா என்று படிக்க வரும் மாற்றுத்திறனாளி மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் ஜூன், ஜூலை மாதங்களில் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. நானும் காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்) போட்டு நடப்பவன். பல ஆண்டுகளாகத் தில்லி வாடகை வீடுகளில் இருந்து வருகிறேன். கீழே எந்தப் பதிலைப் படித்தாலும் அதற்கு அடியில் இருப்பது ஒரே அளவுகோல்தான்: அந்த வீட்டிலிருந்து மாணவர் தனியாக வெளியே போய், தனியாகத் திரும்பி வர முடிகிறதா? முடியாது என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அது உங்களுக்கான வீடு இல்லை.

ஹாஸ்டல் கிடைக்காதா? எதற்காக வெளியே தேட வேண்டும்?

முதலில் ஹாஸ்டலுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்கள் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும். ஆனால் இது படிப்புக்கான இடம். தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் பலவற்றில் ஹாஸ்டலே கிடையாது. இருக்கிற இடத்திலும் அறைகள் கொஞ்சம்தான்.

அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு, கல்வி நிறுவனத்தின் கட்டடமும் வளாகமும் வசதிகளும் மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி இருக்க வேண்டும், ஒவ்வொரு மாணவரின் தேவைக்கேற்ற ஏற்பாடும் செய்து தர வேண்டும் என்கிறது. ஆகவே கல்லூரியில் இடம் உறுதியான கையோடு முதல்வருக்கும், ஹாஸ்டல் வார்டனுக்கும், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உதவும் சம வாய்ப்பு மையத்துக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள். "ஹாஸ்டல் வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். "கீழ்த்தளத்தில் அறை, வெஸ்டர்ன் டாய்லெட், மெஸ்ஸுக்குப் படி இல்லாத வழி" என்று என்ன வேண்டுமோ அதைத் தெளிவாக எழுதுங்கள். வாய்ச்சொல்லில் கேட்டால் பதிலும் வாய்ச்சொல்லோடு நின்றுவிடும். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஹாஸ்டல் கட்டணத்தில் சலுகை இருக்கிறதா என்றும் அப்போதே கேளுங்கள்.

வெளியே அறை எடுத்த பிறகும் ஹாஸ்டல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டாம். ஆண்டின் நடுவிலும் அறைகள் காலியாகும்.

தில்லியில் எந்தப் பக்கம் பார்ப்பது?

கல்லூரியைப் பொறுத்தது. அதைவிட உங்கள் உடம்பைப் பொறுத்தது.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் படிப்பவர்கள் விஜய் நகர், கமலா நகர், ஹட்சன் லேன், முகர்ஜி நகர் பக்கம்தான் போவார்கள். கமலா நகரின் பழைய வீடுகள் தெருவைவிட உயரமாக எழும்பி நிற்பவை. கடைத்தெருவில் கீழ்த்தளம் கடையாகிவிட்டிருக்கும், பிஜி (சாப்பாட்டோடு அறை தரும் தனியார் விடுதி) மாடியில் இருக்கும், ஏணி போலச் செங்குத்தான படி. விஜய் நகர், ஹட்சன் லேன் பக்கம் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டியவற்றில் கீழே கார் நிறுத்துமிடமும், மேலே போக லிஃப்டும் இருக்கும். தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.

ஜேஎன்யு, ஐஐடி பக்கம் வந்தால் முனிர்கா, பேர் சராய், கட்வாரியா சராய். இவை நகரம் விழுங்கிய பழைய கிராமங்கள். எதிரெதிர் வீட்டு பால்கனிகள் ஒன்றையொன்று தொடும். சந்தில் பைக் வந்தால் நாம் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். வாடகை குறைவு என்பதால் மாணவர்கள் குவிகிறார்கள். வீல்சேருக்கு இந்தச் சந்துகள் சரிப்படாது. ஊன்றுகோலோடு நடப்பவர்களும் மழைக்காலத்தில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இதில் ஒரு குழப்பம் உண்டு: 'முனிர்கா' என்று கிராமத்தையும் சொல்வார்கள், பக்கத்தில் உள்ள டிடிஏ (தில்லி வளர்ச்சி ஆணையம்) குடியிருப்புகளையும் சொல்வார்கள். இரண்டும் இரண்டு உலகம். கிராமமா, டிடிஏ ஃபிளாட்டா என்று புரோக்கரிடம் முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். டிடிஏ ஃபிளாட்டுகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. ஆனால் கீழ்த்தள வீடு கிடைத்தால் நல்ல காற்றோட்டத்தோடு, முன்னால் கொஞ்சம் வெற்றிடத்தோடு இருக்கும். அதற்கு வாடகையும் கூடுதலாகத்தான் கேட்பார்கள்.

ஆர்.கே.புரம் தமிழர்களுக்குப் பழகிய இடம். தில்லித் தமிழ்ச் சங்கமும் மலை மந்திர் என்னும் முருகன் கோயிலும் அங்கேதான். ஆனால் அங்கே பெரும்பாலானவை அரசுக் குடியிருப்புகள். அவற்றை உள்வாடகைக்கு விடுவது விதிமீறல். "தெரிந்தவர் குவார்ட்டர்ஸில் ஒரு அறை இருக்கிறது" என்று யாராவது சொன்னால், திடீரென்று காலி செய்யச் சொல்லும் நிலை வரலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். நினைத்தவுடன் வேறு அறைக்கு மாறிக்கொள்கிற வசதி நம்மில் பலருக்கு இல்லை.

மயூர் விஹார், ஐபி எக்ஸ்டென்ஷன், துவாரகா பகுதிகளில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கக் கட்டடங்கள் நிறைய. லிஃப்ட், காவலாளி, ஓரளவு சமமான உள்சாலை, பக்கத்து வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் என்று எல்லாம் அமையும். துவாரகாவில் இருக்கும் ஐபி பல்கலைக்கழகத்திலோ என்எஸ்யுடியிலோ படிப்பவர்களுக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. வடக்கு வளாகத்துக்கு மயூர் விஹாரிலிருந்து போகிறவர் வழக்கமாக ராஜீவ் சௌக்கில் மெட்ரோ மாறுவார். காலை ஒன்பது மணிக்கு அங்கே இருக்கும் நெரிசலை உங்கள் உடம்பு தினமும் தாங்குமா என்று பாருங்கள்.

வீட்டுக்காரர் "ரெண்டே படிதான்" என்கிறார். அது பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். அங்கே தயங்காமல் நின்று கணக்குப் போடுங்கள்.

இந்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அணுகல் வழிகாட்டி நெறிகளின்படி சாய்தளத்தின் சரிவு 1:12-க்கு மேல் போகக் கூடாது. ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆறு அங்குலப் படி ஒன்று என்றால் ஆறு அடிச் சாய்தளம். "ரெண்டே படி" என்றால் பன்னிரண்டு அடி. தில்லித் தெருவில் வாசலிலிருந்து பன்னிரண்டு அடி அளந்தால் எதிர் வீட்டு ஸ்கூட்டர் மேல் போய் நிற்பீர்கள். ஆகவே "ஒரு பலகை போட்டுக்கலாம்" என்ற பேச்சு ஒரு படிக்கு மட்டும் ஓரளவு பொருந்தும். அதற்கு மேல் அது ஆபத்து.

கார் நிறுத்துமிடம் உள்ள புதிய வீடுகளில் காருக்காக ஒரு சரிவு போட்டிருப்பார்கள். அது கார் ஏறுவதற்கான சரிவு. பின்னால் ஒருவர் பிடித்தால் ஏறலாம், தனியாக முடியாது. இறங்கும்போது இன்னும் மோசம். அதை நேரில் ஏறி இறங்கிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, லிஃப்ட் வாசலுக்கு முன்னாலும் ஒரு படி வைத்திருப்பார்கள், மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க. புகைப்படத்தில் லிஃப்ட் தெரியும், அந்தப் படி தெரியாது.

"நாங்க தூக்கிவிடறோம், கவலைப்படாதீங்க" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். முதல் வாரம் தூக்குவார்கள். அப்புறம் மாணவர் யாரையும் கூப்பிடத் தயங்குவார், மாலை வகுப்பைத் தவிர்ப்பார், நண்பர்கள் டீ குடிக்கப் போகும்போது "படிக்க வேண்டியிருக்கு" என்பார். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். தூக்கிவிடும் ஏற்பாட்டை வசதி என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

பாத்ரூமில் எதைப் பார்க்க வேண்டும்?

அறையைப் பார்ப்பதற்கு முன் பாத்ரூமைப் பாருங்கள். வாசல் சரியாக இருந்தும் கைவிட வேண்டிய வீடுகளில் பாதிக்கு மேல் பாத்ரூமால்தான் கைவிடப்படுகின்றன என்பது என் அனுபவம்.

கதவு முதலில். வழிகாட்டி நெறி சொல்லும் திறப்பு 900 மில்லிமீட்டர், ஏறத்தாழ மூன்று அடி. வாடகை வீட்டு பாத்ரூம்களில் கதவே இரண்டரை அடிதான் இருக்கும், நிலைச்சட்டம் போக இன்னும் குறையும். சாதாரண வீல்சேரின் அகலம் சக்கரத்தோடு சேர்த்து 25, 26 அங்குலம் வரும், விரல் முட்டிக்கு இடம் வேண்டும். டேப் எடுத்துப் போய், கதவைத் திறந்து வைத்து, உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை அளங்கள்.

அடுத்து, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? உள்பக்கம் திறந்தால், வீல்சேர் உள்ளே போன பிறகு கதவைச் சாத்த இடம் இருக்காது. உள்ளே விழுந்துவிட்டால் விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. ஊன்றுகோல்காரர்களுக்கும் இது பொருந்தும். கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்க வைப்பது தச்சருக்கு அரை நாள் வேலை. வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிற மாற்றமும் இதுதான்.

மூன்றாவது, தண்ணீர் வெளியே வராமல் இருக்க வாசலில் போட்டிருக்கும் இரண்டு மூன்று அங்குலத் திட்டு. யாரும் அதைப் படி என்று கணக்கில் எடுப்பதில்லை. வீல்சேரின் முன் சக்கரம் அங்கேதான் மாட்டும். காலிப்பர் போட்ட காலும் அங்கேதான் தட்டும். ஈரத்தில் தட்டினால் விழுவது உறுதி. இருபுறமும் ரப்பர் ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம்.

அப்புறம் மற்றவை: கமோடு உட்காரும் உயரம் 18, 19 அங்குலம் இருந்தால் வீல்சேரிலிருந்து மாறுவது எளிது. பல வீடுகளில் அது தாழ்வாக இருக்கும், மேலே உயர்த்தும் இருக்கை கடைகளில் கிடைக்கிறது. கைப்பிடி பொருத்தும் சுவரைத் தட்டிப் பாருங்கள். பிளைவுட் தடுப்பாக இருந்தால் உடம்பு எடையைத் தாங்காது, செங்கல் சுவர் வேண்டும். டைல்ஸ் வழுவழுப்பா என்பதைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இந்தியன் டாய்லெட் மட்டுமே உள்ள வீட்டில் கமோடு நாற்காலி போட்டுச் சமாளிக்கலாம்தான். ஆனால் தினமும் அதை எடுத்து வைப்பது யார்?

லிஃப்ட் இருந்தால் போதுமா?

லிஃப்டின் உள்ளளவு, கதவு வகை, மின்வெட்டில் என்ன ஆகும் என்ற மூன்றையும் கேளுங்கள். நாலு மாடி வீடுகளில் போடுகிற சின்ன லிஃப்டுகளில் வீல்சேர் நுழையும், கால் வைக்கும் பலகை இடித்துக் கதவு மூடாது. கையால் இழுக்கும் கதவுள்ள லிஃப்டை, உட்கார்ந்தபடி தனியாக இயக்குவது கடினம். இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ லிஃப்டுக்கு இல்லை என்றால், மே மாதத்தில் நீங்கள் கீழேயோ மேலேயோ மாட்டிக்கொள்ளும் நாள் வரும். சில வீடுகளில் இரவில் லிஃப்டை அணைத்துவிடுகிறார்கள். அதையும் கேட்டுவிடுங்கள்.

பிஜியா, தனி ஃபிளாட்டா?

சாப்பாடு, துணி, சுத்தம் எல்லாம் ஒரே இடத்தில் முடிவதால் பிஜி முதல் ஆண்டுக்கு வசதி. உதவியாளர் வேண்டியவர்களுக்குத்தான் சிக்கல். ஆண்கள் பிஜியில் மகனோடு அம்மா தங்க விடமாட்டார்கள். பெண்கள் பிஜியில் அப்பா வாசல் தாண்ட முடியாது. சம்பளத்துக்கு வரும் உதவியாளரைத் தங்க விட்டால் இன்னொரு ஆளுக்கான முழுக் கட்டணமும் கேட்பார்கள். அப்படிப்பட்டவர்கள் இரண்டு மூன்று மாணவர்களாகச் சேர்ந்து ஃபிளாட் எடுப்பதே மேல். கூட இருப்பவர்கள் நண்பர்களா உதவியாளர்களா என்பதை முதல் நாளே பேசித் தெளிவாக்குங்கள். குளிக்கவும் உடை மாற்றவும் உதவி தேவைப்படும் மாணவர் அந்த வேலைக்குத் தனியாக ஆள் வைத்துக்கொள்ள வேண்டும். அறைத்தோழர் மீது அதைச் சுமத்தினால், தேர்வு நேரத்தில் இரண்டு பேருக்கும் கஷ்டம்.

மெஸ் மொட்டைமாடியிலா கீழேயா என்று கேட்க மறக்காதீர்கள். கீழ்த்தள அறை தந்துவிட்டுச் சாப்பாட்டை மூன்றாவது மாடியில் போடும் பிஜிக்கள் உண்டு.

எனக்குப் பார்வை இல்லை. எனக்கும் கீழ்த்தள வீடுதான் வேண்டுமா?

தேவையே இல்லை. மாடிப்படி உங்களுக்குப் பிரச்சினை இல்லை என்பது வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியாது. அவர்கள் பயம் எல்லாம் "கேஸ் அடுப்பு பற்றவைத்துவிட்டால்?", "மாடியிலிருந்து விழுந்துவிட்டால்?" என்பதுதான். அந்த இடத்திலேயே அறையை ஒருமுறை சுற்றி வந்து, கதவைப் பூட்டித் திறந்து காட்டுங்கள். விவாதத்தைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது வழி. மெட்ரோ வாசலிலிருந்து வீடு வரை திருப்பங்கள் குறைவாக இருக்கட்டும். மூடியில்லாத சாக்கடை, நடைபாதையில் ஏறி நிற்கும் கார், சத்தமில்லாமல் வரும் இ-ரிக்‌ஷா, இவைதான் தில்லித் தெருவின் தொல்லைகள். பத்து நிமிடம் சுற்றிப் போகும் நேர்ச்சாலை, ஐந்து நிமிடக் குறுக்குச் சந்தைவிட நல்லது. வீட்டுக்குள் தொடுதிரை இண்டக்‌ஷன் அடுப்பும் வாஷிங் மெஷினும் உங்களுக்குப் பயன்படாது. திருகும் குமிழ் உள்ளதைக் கேளுங்கள், அல்லது புடைப்புப் புள்ளி ஒட்டிக்கொள்ளுங்கள்.

வழிப் பயிற்சி, வாசிப்புக் கருவிகள் பற்றி விசாரிக்க ஆர்.கே.புரம் செக்டர் 5-இல் நேஷனல் அசோசியேஷன் ஃபார் தி பிளைண்ட் இருக்கிறது, லால் பகதூர் சாஸ்திரி மார்க்கில் பிளைண்ட் ரிலீஃப் அசோசியேஷன் இருக்கிறது. ஜேஎன்யு நூலகத்தில் பார்வையற்ற மாணவர்களுக்கென்றே ஹெலன் கெல்லர் பிரிவு உண்டு. மூத்த பார்வையற்ற மாணவர்களை இங்கெல்லாம் சந்திக்கலாம். எந்தத் தெருவில் எந்த வீட்டுக்காரர் நல்லவர் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

காது கேளாத மாணவர்களுக்கு?

அழைப்புமணி அடித்தால் விளக்கு எரியும் கருவி ஒன்று, தலையணைக்கடியில் அதிரும் அலாரம் ஒன்று. இரண்டும் நீங்களே வாங்கிப் பொருத்தலாம், சுவரை உடைக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரரிடம் பேச்செல்லாம் வாட்ஸாப்பில் எழுத்தில் இருக்கட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாடகைத் தகராறு வந்தால் அதுவே ஆதாரமாகவும் இருக்கும். தீ எச்சரிக்கை மணி உங்களுக்குக் கேட்காது என்பதைப் பக்கத்து அறைக்காரரிடம் தனியாகச் சொல்லி வையுங்கள்.

வெளியே தெரியாத குறைபாடு. வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆட்டிசம், மனநலப் பாதிப்பு, ஹீமோபிலியா எல்லாம் சட்டம் சொல்லும் 21 வகைகளில் அடங்கும். எதைச் சொல்வது என்பது உங்கள் முடிவு. சத்தம் தாங்காதவர்கள் கடைத்தெருவையும் கல்யாண மண்டபத்தையும் விட்டு விலகி அறை பாருங்கள். நவம்பர் முதல் பராத் (மாப்பிள்ளை ஊர்வலம்) மேளம் நள்ளிரவு வரை கேட்கும். வலிப்பு உள்ளவர்கள் அறைத்தோழர் ஒருவரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். மனம் தளரும் இரவுகளில் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலும் பேசலாம்.

மாற்றுத்திறனாளி என்பதாலேயே வீடு தர மறுத்தால் சட்டம் உதவுமா?

நேர்மையாகச் சொல்கிறேன். தன் வீட்டின் ஒரு மாடியை வாடகைக்கு விடும் தனிநபரை வழிக்குக் கொண்டுவர மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கைக்கெட்டும் ஆயுதமாக இல்லை. பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்கள், அரசு மற்றும் தனியார் என இரண்டுமே, அணுகும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விதிகளின்படி இல்லாத கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரக் கூடாது என்றும் சொல்கிறது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரை போல வைத்திருந்த விதி செல்லாது, கட்டாயத் தரங்களை வகுக்க வேண்டும் என்று ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. இவையெல்லாம் பெரிய வெற்றிகள். ஆனால் விஜய் நகரில் ஒரு வீட்டுக்காரர் "வேணாம்பா, ரிஸ்க்" என்று கதவைச் சாத்தும்போது அன்று மாலைக்குள் ஒன்றும் மாறாது.

எனவே உங்கள் சண்டையைக் கல்லூரியோடு போடுங்கள். அங்கே சட்டம் தெளிவாக உங்கள் பக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான குறைதீர் அலுவலர் யார் என்று கல்லூரியில் கேளுங்கள். அவரிடம் எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லை என்றால் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர், தில்லி அரசின் கல்லூரிகளுக்கு மாநில ஆணையர். கல்லூரியே வெளியில் ஒரு கட்டடத்தை எடுத்து மாணவர்களைத் தங்க வைத்தால், அந்தக் கட்டடம் அணுகும்படி இருக்க வேண்டியதும் கல்லூரியின் பொறுப்பு.

வீட்டுக்காரரிடம் பேசும்போது என் ஆலோசனை: குறைபாட்டைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டு நேரில் போய் அவர் முகம் மாறுவதைப் பார்ப்பது வீண் வேதனை, அலைச்சலும் மிச்சமில்லை. "பேட்டா வீல்சேர் பர் ஹை, கித்னீ சீடியான் ஹைன்?" (பையன் வீல்சேரில் இருக்கிறான், எத்தனை படி இருக்கிறது?) என்ற ஒரு வரி இந்தியில் போதும். சீடி என்றால் படி. பதிலிலேயே ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

கைப்பிடி, சாய்தளம் எல்லாம் நாங்களே போட்டுக்கொள்ளலாமா? செலவு யாருடையது?

வீட்டுக்காரர் சம்மதமில்லாமல் நிலையான கட்டுமானம் எதையும் வாடகைதாரர் செய்யக் கூடாது என்று சொத்து மாற்றச் சட்டம் சொல்கிறது. சம்மதத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: என்னென்ன மாற்றம், யார் செலவு, காலி செய்யும்போது கழற்ற வேண்டுமா, சுவர் ஓட்டைக்கு டெபாசிட்டில் பிடிப்பாரா. செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். ஆகவே கையோடு எடுத்துப் போகக்கூடியதாகவே வாங்குங்கள்: மடக்கும் அலுமினியச் சாய்தளம், போல்ட்டில் மாட்டும் கைப்பிடி, குளிக்க நாற்காலி. பொதுவழியில் எதையாவது வைப்பதென்றால் குடியிருப்போர் சங்கத்திடமும் கேட்க வேண்டும்.

தில்லியில் வழக்கமாக 11 மாத ஒப்பந்தம் போடுவார்கள். 1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகைக்குப் பொருந்தாது, அதாவது உங்கள் வாடகைக்குப் பொருந்தாது. ஒப்பந்தத்தில் எழுதியதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. "லிஃப்ட் ஒரு வாரத்துக்கு மேல் ஓடவில்லை என்றால் முன்னறிவிப்பு இல்லாமல் காலி செய்யலாம், டெபாசிட் முழுதும் திரும்பும்" என்று ஒரு வரி சேருங்கள். சிரிப்பார்கள். சேர்க்கச் சொல்லுங்கள்.

மெட்ரோவை நம்பி வீடு எடுக்கலாமா?

எடுக்கலாம். தில்லி மெட்ரோ இந்த ஊரில் நமக்குக் கிடைத்த பெரிய கொடை. லிஃப்ட், தரையில் வழிகாட்டும் மஞ்சள் ஓடு, வீல்சேருக்கு அகலமான கேட், ஊழியர் உதவி எல்லாம் உண்டு. உதவி எண் 155370. ஆனால் நிலையத்தின் எல்லா வாசலிலும் லிஃப்ட் இருக்காது. வீடு தேடும்போது நிலையத்தின் எந்த வாசலில் லிஃப்ட் இருக்கிறது என்று முதலில் பார்த்து, சாலையின் அந்தப் பக்கமே வீடு தேடுங்கள். எதிர்ப்பக்கம் எடுத்தால் தினமும் ஒரு பெரிய சாலையைக் கடக்க வேண்டும், நடைமேம்பாலத்தில் படி இருக்கும். விஸ்வவித்யாலயா நிலையத்திலிருந்து வளாகத்துக்குள் இ-ரிக்‌ஷாவில் போவார்கள். வீல்சேரோடு அதில் ஏறுவது கஷ்டம், மடக்கும் வீல்சேராக இருந்தால்தான் முடியும்.

தீ, வெள்ளம் என்றால் எப்படி வெளியேறுவது?

இதைக் கேட்காமல் யாரும் முன்பணம் கொடுக்க வேண்டாம். 2023 ஜூனில் முகர்ஜி நகரில் ஒரு பயிற்சி மையத்தில் தீப்பிடித்தபோது மாணவர்கள் ஜன்னல் வழியாகக் கயிற்றையும் கம்பிகளையும் பிடித்து இறங்கித் தப்பினார்கள். நம்மில் எத்தனை பேரால் அப்படி இறங்க முடியும்? 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி மையத்தின் அடித்தளத்தில் (பேஸ்மென்ட்) மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கரோல் பாக், ராஜேந்திர நகர் பக்கம் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் தமிழ் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அடித்தளத்தில் அறையும் வேண்டாம், படிப்பகமும் வேண்டாம்.

மின்மீட்டர்கள் ஒரே படிக்கட்டுக்கடியில் மொத்தமாக இருக்கிற கட்டடத்தில், தீப்பிடித்தால் அந்தப் படிக்கட்டுதான் முதலில் புகைந்து அடைபடும். வேறு வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னல் கம்பி திறக்குமா என்று பாருங்கள். நடக்க முடியாதவர்கள் லிஃப்ட் இருந்தாலும் முதல் மாடிக்கு மேல் போகாமல் இருப்பது என் உறுதியான கருத்து.

வெயிலும் குளிரும் எப்படி?

தண்டுவடக் காயம் உள்ளவர்களின் உடம்பு சூட்டைச் சரிவர வெளியேற்றாது. மொட்டைமாடி அறை மே, ஜூனில் அடுப்பு. விலை மலிவு என்று எடுக்காதீர்கள். குளிர்காலத்தில் உணர்ச்சியில்லாத காலில் கீசர் வெந்நீரும் ஹீட்டர் சூடும் பட்டால் வெந்தது தெரியாது. தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள்.

தமிழ்நாட்டில் எடுத்த அடையாள அட்டை இங்கே செல்லுமா? வீல்சேர் பழுதானால்?

ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். யுடிஐடி (நாடு தழுவிய மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் ஊரிலேயே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பஞ்சரும் சின்ன பழுதும் வளாகத்துக்கு வெளியே சைக்கிள் கடையிலேயே முடியும். காலிப்பர், செயற்கைக் கால் என்றால் ஐடிஓ அருகே விஷ்ணு திகம்பர் மார்க்கில் உள்ள பண்டிட் தீனதயாள் உபாத்யாயா தேசிய நிறுவனத்தில் விசாரியுங்கள். தண்டுவடக் காயத்துக்கு வசந்த் குஞ்சில் இந்தியன் ஸ்பைனல் இஞ்ஜுரீஸ் சென்டர். மின்வீல்சேர் வைத்திருப்பவர்கள், கீழ்த்தளத்தில் பூட்டக்கூடிய இடத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா, மின்கட்டணம் யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஊரில் இருந்துகொண்டே எப்படி வீடு பார்ப்பது?

நண்பர் ஒருவரை வீடியோ அழைப்பில் நடக்கச் சொல்லுங்கள், மெட்ரோ லிஃப்ட் வாசலில் தொடங்கிக் கட்டில் வரை, நிறுத்தாமல். அறையிலிருந்து தொடங்கச் சொன்னால் அறை மட்டும்தான் தெரியும். படி, திட்டு, கதவு வரும் இடமெல்லாம் டேப்பை வைத்து எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். முழு முன்பணத்தை அனுப்பாமல் சின்னத் தொகை கொடுத்து நிறுத்தி வைத்து, நேரில் வந்து பார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள். வந்ததும் இரண்டு மூன்று நாள் கல்லூரி விருந்தினர் இல்லத்திலோ தெரிந்தவர் வீட்டிலோ தங்கும்படி திட்டமிடுங்கள்.

தனியாக விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. அம்மாவோ அப்பாவோ கூடவே இருந்துவிடலாமா?

முதல் சில வாரங்கள் கட்டாயம் இருங்கள். தெருமுனைக் கடைக்காரர், இஸ்திரி போடுபவர், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள், பக்கத்துத் தமிழ்க் குடும்பம் என்று எல்லோரிடமும் மகனையோ மகளையோ அறிமுகப்படுத்துங்கள். ஆனால் பேச்சை நீங்கள் பேசாதீர்கள். இந்தி தெரியாவிட்டாலும் அவரே பேசட்டும். ஒரு பெண் முதல் வாரத்தில் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டோக்காரரிடம் வாயைத் திறப்பாள். "நீயே கேளும்மா" என்று அவர் தள்ளி நின்ற இரண்டாம் வாரத்தில் ஜிடிபி நகர் மெட்ரோ வாசலில் நின்று பேரம் பேசினாள்.

கடைசி வாரத்தில் நீங்கள் அறையிலேயே இருந்துகொண்டு அவரைத் தனியாகக் கல்லூரிக்குப் போய்வரச் சொல்லுங்கள். எங்கே தடுக்கிறது என்று அப்போது தெரியும், சரிசெய்ய நீங்களும் பக்கத்தில் இருப்பீர்கள். திரும்பும் ரயில் டிக்கெட்டை மட்டும் வரும்போதே எடுத்துவிடுங்கள். முன்பதிவு அறுபது நாளுக்கு முன்பே திறக்கிறது. தேதி கையில் இல்லாத பெற்றோர் தீபாவளி வரை தங்கிவிடுகிறார்கள், பிள்ளை தனியாக இருக்கும் முதல் நாள் அதுவரை தள்ளிப் போகிறது.